வாசலில் ஏழு, கிணற்றடியில் ஆறு

ராமுத்தாய் அந்தப் பூட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எரியோட்டுக்குக் கிழக்கேயிருந்து இரண்டு மைல் நடந்து, பஸ் ஏறி, திண்டுக்கல்லில் இறங்கி, நாகல் நகர் பட்டறைத் தெருவுக்குள் நுழைந்தாள். முதல் மூன்று பட்டறைகளில் வா வா என்று கூப்பிட்டார்கள். நான்காவது பட்டறையில் யாரும் கூப்பிடவில்லை. அங்கே நின்றாள்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம்.

நான்காவது பட்டறையில் அருள்நாதன் இருந்தான். முப்பத்தெட்டு வயது. அதில் இருபது வருஷம் கையில் அரத்தோடு போனது. குறைவாகப் பேசுவான். அந்தக் குறையை அடுத்த மேஜையில் சாவி வெட்டும் ரஹ்மத்துல்லா தீர்த்து வைப்பார். அவர் பத்து வயது மூத்தவர்.

வேட்டியைப் பிரித்ததும் இருவரும் வேலையை நிறுத்தினார்கள்.

கதவில் பதிக்கிற பெரிய பூட்டு. இரும்புப் பெட்டி, பித்தளை முகம். சாவித் துவாரத்துக்கு மேல் ஒரு சின்ன மூடி. மூடியின் ஓரம் நாற்பது, ஐம்பது வருஷக் கட்டைவிரல்களால் வழவழப்பாகியிருந்தது. மணிப்பூட்டு.

“பூட்டுது, திறக்குது. சத்தம்தான் வரல மேஸ்திரி. மாசியில நின்னு போச்சு,” என்றாள் ராமுத்தாய்.

பூட்டவும் திறக்கவும் செய்கிற பூட்டைச் சத்தத்துக்காக மட்டும் யாரும் கழற்றி எடுத்து வரமாட்டார்கள். அதையே கொஞ்சம் கேலியாக ரஹ்மத்துல்லா சொன்னார். மணி வேண்டுமென்றால் மாட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாமே என்றார். ராமுத்தாய் சிரிக்கவில்லை. சத்தம் வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

எதற்கு என்று அருள்நாதன் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து வரச் சொன்னான்.

அவள் போனதும் பூட்டைத் திறந்தான்.

உள்ளே ஒரு திருகாணிகூட வளைந்து இறங்கவில்லை. தகடுகள் ஒன்றோடொன்று பொருந்திய இடத்தில் நகம் நுழையவில்லை. வெளியே யாரும் பார்க்கப்போகாத பக்கத்தையும் அந்த ஆள் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். பேர் இல்லை, ஊர் இல்லை. ஒரு மூலையில் உளியால் குத்திய மூன்று புள்ளிகள் மட்டும். அருள்நாதனுக்கு அந்த அடையாளம் தெரியவில்லை. ரஹ்மத்துல்லாவுக்கும் தெரியவில்லை.

சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பூட்டின் நாக்கு நகரும். நாக்கின் முதுகில் ஏழு பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டிச் சுத்தியலைத் தூக்கி விடும். சுத்தியல் பக்கத்தில் இருக்கும் வெண்கலக் கிண்ணத்தில் விழும். ஏழு பல், ஏழு மணி. சுத்தியலை இழுத்துப் பிடிக்கும் வில் ஒடிந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. கிண்ணத்துக்கு அடியில் ஒரு துணிக் கிழிசலும் சிக்கியிருந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. ஊதித் தள்ளினான்.

புது வில் அடித்துப் போட்டான். மூன்று நாள் வேலை. இரண்டு வில்லைக் கெடுத்து மூன்றாவதைப் பொருத்தினான். பழைய வில்லின் வளைவு அவன் கைக்குச் சட்டென்று வரவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மணிப்பூட்டு முடிந்ததும் அடுத்த மேஜைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். செய்தவன் பூட்டுவான். அடுத்தவர் எண்ணிச் சொல்வார். எண்ணிக்கை தப்பினால் பூட்டு வெளியே போகாது. அருள்நாதன் பூட்டினான்.

“ஆறு,” என்றார் ரஹ்மத்துல்லா. “ரெண்டாவது எடத்துல ஒண்ணு நொண்டுது.”

தெருவில் நான்கு பட்டறைச் சுத்தியல்கள் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் ஆறுதான் கேட்டது. அருள்நாதன் காதை வைத்துக் கேட்டான். ஏழும் இருந்தன. ஆனால் இரண்டாவது மணி ஆள் இல்லாத வீட்டில் கூப்பிட்ட மாதிரி மெலிந்து ஒலித்தது. மறுபடியும் திறந்து பார்த்தான். இரண்டாவது பல் மற்றவற்றைவிடத் தாழ்வு. ஒரு நெல்லின் உமி கனம் இருக்கும். சுத்தியலைப் பாதி தூரம்தான் அது தூக்கியது.

தேய்ந்துவிட்டது என்று நினைத்தான். பிறகு பூட்டை வெளிச்சத்தில் சாய்த்தான். பல்லின் தலையில் நேராக, ஒரே சீராக, அரத்தின் மெல்லிய கீறல்கள். தேய்ந்த பல்லில் கீறல் இருக்காது. அப்படியானால் இடையில் யாரோ அரைகுறை ஆள் கை வைத்திருக்கிறான் என்று முடிவு செய்தான்.

இப்படிப்பட்ட பூட்டில் ஒரு பல் நொண்டியாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பல்லின் தலையைச் சீவிச் சமன் செய்தான். வெங்காரம் தூவி, பித்தளைப் பற்று வைத்து, ஒரு துணுக்கை ஒட்டினான். பிறகு மற்ற ஆறு பற்களின் வடிவத்துக்கு அரத்தால் ராவினான். ஒரு முழுப் பகல் அதற்கே போனது. முடித்துவிட்டு ரஹ்மத்துல்லாவிடம் கொடுத்து, எந்தப் பல் என்று கண்டுபிடிக்கச் சொன்னான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஐந்தாவது என்றார். அருள்நாதன் அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தான்.

மறுபடி எண்ணினார்கள். ஏழு. சவரன் சுண்டினாற்போல ஏழு. மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் அருள்நாதன் தன் அடையாளத்தைக் குத்தினான். ஒரு சின்னச் சிலுவை.

பூட்டும்போதுதான் எண்ணுவார்கள். திறக்கும்போது எண்ணும் வழக்கம் அங்கே இல்லை.

ராமுத்தாய் வந்து வாங்கிக்கொண்டாள். திருகிக் காட்டியபோது சத்தம் முன்னைக்குக் கூடியிருக்கிறது என்றாள். வில் புதுசு, அப்படித்தான் இருக்கும் என்றான் அருள்நாதன். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவளுக்காகச் செய்த வேலை இல்லை. வில்லுக்கு மட்டும் கூலி கேட்டான்.

*

ஆடி பிறந்து பத்து நாளில் அவள் மறுபடி வந்தாள். கையில் பூட்டு இல்லை.

பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அருள்நாதன் ஸ்டூலைக் காட்டினான். உட்காரவில்லை.

“மேஸ்திரி, ஒரு வார்த்த கேக்கணும். வில்லத் தவிர பூட்டுல வேற ஏதாச்சும் மாத்துனீங்களா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. பூட்டு மேல பழி இல்ல, அவரு காதுதான்னு மனசத் தேத்திக்கிறேன்.”

யாருடைய காது என்று அருள்நாதன் கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய வீட்டுக்காரர் உடையப்பன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெடித் திரி தாமதித்தது. அணைந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார். கல் சிதறி இரண்டு கண்ணும் போயிற்று. அதன் பிறகு ஏர் இல்லை, மாடு பூட்டிக் கமலை இறைப்பதும் இல்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். அதோடு ஒரு வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். வீட்டுச் சேமிப்பறைக்குக் காவல். அங்கேதான் தானியமும், மிளகாயும், அடுத்த வெள்ளாமைக்கான விதைக்கடலையும் இருக்கும். ராமுத்தாய்க்கு ஆயிரம் வேலை. அவசரத்தில் அறையைத் திறந்துபோட்டுவிட்டுப் பூ எடுக்க ஓடிவிடுவாள். கிணற்று மேட்டிலிருந்து சத்தம் வரும். ஏ புள்ள, அறை திறந்து கெடக்கு. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் தப்பாகச் சொன்னதில்லை. எப்படித் தெரிகிறது என்று அவளும் கேட்டதில்லை. கண் போனவருக்குக் காது கூர்மை என்று வைத்துக்கொண்டாள். மாசியில் மணி நின்றதும் சத்தம் வேண்டும் என்று அவர்தான் அவளைப் பூட்டோடு அனுப்பினார்.

பங்குனிக்குப் பிறகு அவர் அப்படிக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் பூட்டியிருக்கும்போது திறந்து கிடக்கிறது என்றார். பிறகு தானே எழுந்து, சுவரைத் தடவி வந்து, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒருநாளைக்கு நாலு தடவை. பிறகு அதுவும் நின்றது.

போன வாரம் அவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது மணி கேட்டிருக்கிறது. அவள் பூட்டுகிறாள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் திறந்திருந்தாள். அப்படியே பூக்கூடையோடு போய்விட்டாள். அய்யலூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகப் பக்கத்துத் தோட்டத்துக் காத்தமுத்து கட்டிவைத்திருந்த ஆடுகளில் ஆறு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தன. விதைக்கடலையில் பாதியைத் தின்றுவிட்டன. ஆடிப் பட்ட விதைப்புக்கு நான்கு நாள் இருந்தது.

“அதோட போச்சா? ஒரு கெடா வயிறு ஊதிப் படுத்துருச்சு. என் கெடாவுக்கு என்னத்தப் போட்டு வச்சீகன்னு காத்தமுத்து சண்டைக்கு வாரான். எங்க விதையத் தின்னுட்டு எங்ககிட்டயே.”

ரஹ்மத்துல்லா சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

விதை போனதற்காக அவள் வரவில்லை. எரியோட்டில் அண்ணன் வீட்டில் விதை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் உடையப்பன் ஒன்று சொன்னார். அதற்காகத்தான் வந்தாள். பட்டறையில் வில்லை மட்டும்தான் மாற்றினார்கள் என்று அவள் சொல்லியிருந்ததால், நாலு மாதமாகத் தன் காதில் இல்லாத மணி ஒன்று கேட்கிறது என்று சொன்னார். கண் போனது, இப்போது காதும் பிசகுகிறது, இனி இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று கேட்டார். அதன்பிறகு கிணற்று மேட்டுக்குப் போகவில்லை. மாட்டுக்கொட்டத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

“பார்க்கிறதுக்குத்தான் கண்ணில்லையே, எந்தப் பக்கம் உக்காந்தா என்னன்னு சொல்லுறாரு,” என்றாள்.

அருள்நாதன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

இல்லாத மணி. அவனுக்கு அந்தத் தாழ்ந்த பல் நினைவுக்கு வந்தது. அதன் தலையில் நேராக ஓடிய கீறல்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பித்தளைத் துண்டில் விரலால் ஏழு கோடு இழுத்தான். இரண்டாவதைத் தொட்டான். பூட்டும்போது நாக்கு இந்தப் பக்கமாகப் போகும். இரண்டாவது மணி மெலியும். திறக்கும்போது திரும்பி வரும். அப்போது மெலிவது ஆறாவது. தூரத்தில் இருக்கிறவனுக்கு அந்த மெலிந்த மணி கேட்காது. ஒன்று, ஓர் இடைவெளி, பிறகு ஐந்து என்றால் பூட்டுகிறார்கள். ஐந்து, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று என்றால் திறக்கிறார்கள்.

அரைகுறை ஆள் யாரும் அந்தப் பூட்டில் கை வைக்கவில்லை. மூன்று புள்ளிக்காரனே அப்படிச் செய்திருக்கிறான். முதல் அரைகுறை ஆள் தான்தான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பல்லை ரஹ்மத்துல்லாவே கண்டுபிடிக்கவில்லை.

“மாத்துனேன்க்கா. அவரு காது சரியாத்தான் இருக்கு. நான்தான் பூட்டக் கெடுத்துட்டேன்.”

ராமுத்தாய் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பூட்டைக் கழற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். பட்டறை இரைச்சலில் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. கையில் வைத்து அடித்தால் ஒரு சத்தம், கதவுப் பலகையில் வைத்து அடித்தால் வேறு சத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாரேன் என்றான்.

அவள் போனதும் ரஹ்மத்துல்லா வெட்டிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்தார். “நொண்டுதுன்னு சொன்னவன் நான்தானே,” என்றார். தன் மேஜை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொடி அரத்தை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

*

வீடு ஓட்டு வீடு. முற்றம், முற்றத்துக்கு எதிரே கிணறு, நடுவில் ஒரு வேம்பு. சேமிப்பறைக் கதவு முற்றத்தைப் பார்த்து இருந்தது. தேக்கு இல்லை, இலுப்பை. அருள்நாதன் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். நல்ல வறட்டுச் சத்தம்.

உடையப்பனை மாட்டுக்கொட்டத்திலிருந்து ராமுத்தாய் அழைத்து வந்தாள். நெடிய மனிதர். முகத்தில் கருமருந்துப் புள்ளிகள் அப்படியே நின்றுவிட்டிருந்தன. அவள் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்கு டவுனிலிருந்து ஆள் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

அருள்நாதன் சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, ரெண்டாவது பல்லு தாழ்ந்து இருந்துச்சு. தப்புன்னு நெனச்சு நான் ஏத்திட்டேன்.”

உடையப்பன் தலையைச் சாய்த்தார்.

“அப்ப அந்த ஏழாவது மணி நெசமாவே அடிச்சதா?”

“அடிச்சது.”

“நாலு மாசமா?”

“நாலு மாசமா.”

அவர் வேட்டி நுனியால் வாயைத் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் குறி கேக்க குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கோடாங்கிகிட்டப் போகலாம்னு இருந்தேன் அப்பு. வெள்ளச் சேவல்கூட பார்த்து வச்சுட்டேன்.”

அதைக் கேட்டு ராமுத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள். செத்த நேரம் வெளியே வரவில்லை.

பூட்டின் கதையை உடையப்பன்தான் சொன்னார். அவருடைய அப்பா சந்தேகப் பிராணி. நாள் முழுக்கக் கிணற்றில் கமலை ஓட்டுவார். அந்த நேரத்தில் உடையப்பனின் ஆத்தா அறையைத் திறந்து தன் தம்பிமாருக்குத் தவசம் அளந்து கொடுக்கிறாள் என்பது அவர் சந்தேகம். கொடுக்கத்தான் செய்தாள். திண்டுக்கல்லில் ஒரு பூட்டு வேலைக்காரரைத் தேடிப்போய், கிணற்றடியிலிருந்தே அறையின் போக்குவரத்து தெரிகிற மாதிரி ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டார். அந்த ஆள் கதவு எத்தனை அடி என்று கேட்கவில்லை. கிணறு எத்தனை எட்டுத் தூரம் என்று கேட்டாராம். நாற்பத்திரண்டு என்றார் அப்பா. நடுவில் மரம் உண்டா என்று கேட்டாராம். சின்ன வேம்பு ஒன்று என்றார். பூட்டைப் பதிக்க அவரே வந்து, அப்பாவைக் கிணற்றடியில் நிறுத்திவைத்து, அரை நாள் திருகித் திருகிக் காட்டினாராம். வாசலில் ஏழு, கிணற்றடியில் ஆறு. திருகுகிறவருக்கு ஏழும் கேட்டால்தான் நாக்கு முழுக்கப் போயிற்று என்று தெரியும். தூரத்தில் இருக்கிறவருக்கு ஒன்று விட்டுப் போனால்தான் பூட்டா திறப்பா என்று தெரியும். அவர் பேர் என்ன என்று அப்பா சொன்னதில்லை. ஆள் இடதுகைக்காரர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“உங்க ஆத்தா என்ன பண்ணாங்க?” என்றான் அருள்நாதன்.

“என்ன பண்ணுவா. தன் செவப்புச் சீலையில ஒரு துண்டக் கிழிச்சு, சத்தம் வார ஓட்டை வழியா ஊசியால உள்ள திணிச்சுட்டா. ரெண்டு வருஷம் அப்பாவுக்குக் காது மந்தம்னு ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் அது தானா கீழ நழுவிருச்சு போல.”

அருள்நாதன் தான் ஊதித் தள்ளிய கிழிசலை நினைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவரிடம் சொன்னான். அவர் அதைத் தரமுடியுமா என்று கேட்டார். பட்டறைத் தரையில் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.

வேலை ஆரம்பித்தது.

பழைய பல்லின் உயரம் இப்போது எதிலும் இல்லை. பற்றுப் பிடிக்க வேண்டும் என்று அதன் தலையை அவனே சீவியிருந்தான். உமி கனம் என்று கண்ணால் பார்த்ததுதான் கணக்கு. கூடுதலாக ராவிவிட்டால் வாசலில் ஆறாகிவிடும். குறைவாக ராவினால் கிணற்றடியில் ஏழு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. அதை அந்த இடதுகைக்காரன் அரை நாளில் பிடித்திருக்கிறான்.

உடையப்பன் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார். முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று அருள்நாதன் பட்டறைப் பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் உறைத்தது.

“திருப்பிக்கிட்டேன் அப்பு. இப்ப ஒண்ணுமே தெரியல,” என்று கிணற்றடியிலிருந்து பதில் வந்தது.

பூட்டின் பின்தகட்டைக் கழற்றி நாக்கை உருவினான். கைவைஸ் இடுக்கியில் பிடித்தான். ரஹ்மத்துல்லாவின் பொடி அரத்தால் மூன்று இழுப்பு. மறுபடி பொருத்தினான். ராமுத்தாய் திருகினாள். கிணற்றடியிலிருந்து, ஏழு. மறுபடி கழற்றினான். மூன்று இழுப்பு. ஏழு. மறுபடி. ஏழு. பதினோராவது தடவையில் உடையப்பன் உடனே சொல்லவில்லை. மறுபடி திருகச் சொன்னார்.

“இருக்கு. ஆனா வெக்கப்படுது,” என்றார்.

இனி ஒரே ஓர் இழுப்பு. அதற்கு மேல் கை வைக்க அருள்நாதனுக்குப் பயமாக இருந்தது. இருபது வருஷத்தில் பித்தளையைக் கண்டு அவன் பயந்ததில்லை. ஓர் இழுப்பு இழுத்தான். பொருத்தினான். ராமுத்தாய் பூட்டினாள்.

வாசலில் அவன் எண்ணினான். ஏழு. இரண்டாவது மணி யாரோ அடுத்த அறையில் கரண்டியை வைத்த மாதிரி இருந்தது. ஆனால் இருந்தது.

வேம்பில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. அதை உடையப்பன் சூ என்று அதட்டினார்.

“திற,” என்றார்.

திறந்தாள்.

“இன்னொருக்கா பூட்டு.”

பூட்டினாள்.

“நிறுத்து அப்பு. கைய எடுத்துரு. இதுதான்.”

அருள்நாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. ராமுத்தாயிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். தானே திருகினான். ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

“திறந்துட்ட,” என்றார் கிணற்றடியிலிருந்து.

மறுபடி திருகினான்.

“பூட்டிட்ட.”

அவரை ஏமாற்றப் பார்த்தான். பாதி திருகி, நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தான்.

“வெளையாடாத. நாக்கு பாதியில நிக்கிது.”

ராமுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பின்தகட்டை மூடுவதற்கு முன் அருள்நாதன் மூலையைப் பார்த்தான். மூன்று புள்ளிகள். பக்கத்தில் அவனுடைய சிலுவை. பங்குனியில் குத்தியபோது அது அழகாக இருந்தது. பொடி அரத்தை எடுத்து அதன் மேல் இரண்டு இழுப்பு இழுத்தான். உடையப்பன் மேட்டிலிருந்து இறங்கிப் பாதி முற்றம் வந்திருந்தார். நின்றுவிட்டார்.

“அது பல்லு இல்லியே. வேற எங்கயோ ஒரசுற.”

“என் அடையாளம் அண்ணே. அழிக்கிறேன்.”

“எதுக்கு?”

அருள்நாதன் அரத்தை மறுபடி வைக்கப் போனான்.

“இருக்கட்டும். கெடுத்தவனும் நீதான், சரிபண்ணுனவனும் நீதான். நாளைக்கு இதத் திறக்குறவன் யாரைக் கேப்பான்? அந்த மனுசன் பேரு தெரியாமத்தான் இம்புட்டும் ஆச்சு.”

அரத்தைத் துணியில் சுற்றினான். சிலுவையின் ஒரு கை மட்டும் தேய்ந்திருந்தது. அப்படியே மூடித் திருகாணி போட்டான்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள் ராமுத்தாய். சோறும், கத்தரிக்காய் வெஞ்சனமும் இருந்தது. போகும்போது கொடுக்க மிளகாய் எடுக்கிறேன் என்று அறையைத் திறந்தாள். ஒரு முறம் நிறைய எடுத்து வந்து வேம்படியில் கொட்டி, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாள். ரஹ்மத்துல்லா பாய்க்கும் சேர்த்து என்றாள். பிறகு அவனுக்கு இலை போட்டாள். அவனும் உட்கார்ந்தான். கத்தரிக்காயில் காரம் கூடுதல். தண்ணீர் கேட்டான். அவள் எடுத்து வந்து பக்கத்தில் அமர்ந்தாள். காத்தமுத்துவின் கெடா பிழைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். அது பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக இங்கேதான் வந்ததாம்.

உடையப்பன் கயிற்று நாரை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போயிருந்தார். அவர் உள்ளங்கைகள் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

“ஏ புள்ள. அறை திறந்து கெடக்கு.”

ராமுத்தாய் பேச்சை நிறுத்தினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ள, ஒன்னியத்தான்.”

“இந்தா வாரேன்யா. மனுசிய ஒரு வாய்ப் பேச்சுப் பேச விடமாட்டாரு,” என்று அருள்நாதனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் பொறுக்கிய கை. எரிந்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்தினாள். சாவியைத் திருகினாள். அருள்நாதன் சோற்றில் கைவைத்தபடி எண்ணினான். ஏழு.

கிணற்று மேட்டில் கயிறு திரிக்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.